சிந்தனை மீட்சி

பாடத்திட்டத்தின் கடைசிப் பெட்டி
மூன்று விரல் அகலம்.
'இருபத்தாறு மாணவர்களில் இருபது பேர்
பாட நோக்கத்தை அடைந்தனர்'
என்று எழுதினால் நிறைந்துவிடும்.
ஐந்து வாரமாக அப்படித்தான் நிறைத்தேன்.
இருபது எண்ணிச் சொன்னதல்ல.
பத்தொன்பது என்றால் ஏன் என்பார்கள்,
இருபத்தைந்து என்றால் நம்பமாட்டார்கள்.

இன்று அந்தப் பெட்டி போதவில்லை.

பட்டர்வொர்த். நான்காம் ஆண்டு. வரலாறு.
இடைவேளைக்குப் பிந்திய அரை மணி,
எல்லார் மேலும் சம்பல் வாசம்.
சென்ற வாரம் மலாக்காவைப்
பதினெட்டுப் படவில்லைகளில் கொண்டுவந்தேன்.
நள்ளிரவு வரை விழித்து
கப்பல்களை நகர வைத்தேன்,
அலைக்கு ஓசை சேர்த்தேன்.
ஏழாவது வில்லையில் ருகேஷ்
தன் காலணிக் கயிற்றை
பக்கத்து நாற்காலியோடு முடிந்துகொண்டிருந்தான்.
மலாக்கா ஏன் புகழ்பெற்றது?
"டீச்சர், தண்ணி குடிக்கப் போலாமா?"

சன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகள்
பெட்டி பெட்டியாய்ச் சரக்கை இறக்குகின்றன.
நான் அவற்றுக்கு முதுகு காட்டி நின்று
துறைமுகம் என்றால் என்ன என்று
வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று வில்லை இல்லை.
பையில் இருப்பதை எடுங்கள் என்றேன்.
வந்த சரக்கு:
கடித்த அழிப்பான்கள், ஒட்டுப்படங்கள்,
ஒரு பொட்டலம் மீன் கெரோப்போக்,
யாரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாத
ஒற்றைக் காலுறை.
இந்த வரிசை சீனம், அந்த வரிசை குஜராத்,
என் மேசை மலாக்கா.
ஹரேந்திரன் ஷாபண்டார். பத்துக்கு ஒன்று சுங்கம்.

இதுவரை என் திட்டம்.
இதற்குப் பிறகு எதுவும் என்னுடையதல்ல.

விசைப்பலகை ஓரம் உட்கார்ந்த லோஷினி
மின்விசிறியைப் பட்டென்று அணைத்தாள்.
"காத்து நின்னுடுச்சு.
ஒரு கப்பலும் நகரக்கூடாது."
ஒன்றும் நகரவில்லை.
வியர்த்து வழிய, கையில் சரக்கோடு,
சீனத்து வணிகர் ஏழு பேரும்
குஜராத்துக்காரர்களிடம் கதையளக்கத் தொடங்கினார்கள்.
பருவக்காற்று மாறும்வரை
வணிகர்கள் மலாக்காவில் தங்கினர்:
நூலில் உள்ள வரி.
உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன், இருமுறை.
அந்தத் தங்கல் இவ்வளவு அலுப்பாகவும்
இவ்வளவு வேடிக்கையாகவும் இருந்திருக்கும் என்று
எனக்கே இன்றுதான் உறைத்தது.

பிறகு சண்டை.
கெரோப்போக் கொடுத்தவர்களிடம்
ஹரேந்திரன் சுங்கம் வாங்கவில்லை.
கவிஷா மூன்று அழிப்பான்களைக்
காலுறைக்குள் போட்டுக் கடத்தினாள்.
"நான் வேற துறைமுகத்துக்குப் போறேன்" என்று
ருகேஷ் நான்கு கப்பல்களைத் திரட்டிக்கொண்டு
வாசிப்பு மூலைக்குப் போய்விட்டான்.
காலியான மலாக்காவில்
ஷாபண்டார் மட்டும், உதட்டில் துகளோடு.

கடைசி வரிசையில் விரிவுரையாளர் திரு. அமிர்தராஜ்
எழுதிக்கொண்டே இருந்தார்.
அடுத்த வகுப்பு ஆசிரியை கதவருகே வந்து
ஒன்றும் சொல்லாமல் போனார்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மதிப்பீடு. அதே கேள்வி, ஆளுக்கொரு தாள்.
அமைவிடம், பருவக்காற்று, நல்ல நிருவாகம்
என்கிறது விடைப்பட்டியல்.
ருகேஷ் எழுதியது:
'அந்த ஷாபண்டார் நேர்மையானவர். ஹரேந்திரன் மாதிரி இல்லை.'
கவிஷா:
'கப்பலுக்கு வேறு வழி இல்லை.'
ஹரேந்திரன் தாளில் எண்ணெய்க் கறை,
கறைக்குக் கீழே
'நான் கேக்கல டீச்சர், அவங்களா குடுத்தாங்க.'
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

திரு. அமிர்தராஜின் படிவம்:
வகுப்புக் கட்டுப்பாடு, பலவீனம்.
நேரப் பங்கீடு, பலவீனம்.
கீழே, எந்தக் கட்டத்திலும் அடங்காமல், பென்சிலில்:
விசிறியை அணைத்த பெண்ணின் பெயர் என்ன?

பாலம் கடந்து
கெலுகோர் விடுதி அறைக்கு வந்தாயிற்று.
மோட்டார் சைக்கிளின் அதிர்வு
இன்னும் உள்ளங்கையில்.
நாளைக்குச் சுல்தான்களின் பெயர்ப்பட்டியல்.
அதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.
பிள்ளைகளின் பையிலும் இருக்காது.

பெட்டிக்குள் இருபது என்று எழுதினேன்.
அடித்தேன்.
ஓரத்தில், சாய்வாக, எழுதுகிறேன்:
ஒற்றைக் காலுறை என் கைப்பையில்.
உள்ளே அழிப்பான் மூன்று.
சுங்கம் இன்னும் கட்டவில்லை.